ஆற்றைத் தாண்டிய புள்ளி

நான் ஒருமுறை பக்கத்து நாட்டு நகரம் ஒன்றைப் பிடித்தேன். படை இல்லை, பீரங்கி இல்லை, ஒரு நொண்டிக் குதிரைகூட இல்லை. ஒரே ஒரு சொட்டு மை. உட்கார்ந்திருந்த முக்காலியை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை. பிடித்த நகரத்தைப் பிற்பாடு நானே திருப்பியும் கொடுத்தேன். இந்த இரண்டையும் ஒரே பேனாவால் செய்த தளபதி வேறு எவராவது இருந்தால் வரச் சொல்லுங்கள், காலில் விழுகிறேன்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். என் அக்காவும் சிரித்தவள்தான். சிரித்தவள் என்று சொல்வதுகூட மரியாதைக்குத்தான். அண்டப்புளுகன் என்று எனக்குப் பெயர் வைத்தவளே அவள். பள்ளிக்கூட நாளில் நான் ஒரு மழையை நிறுத்தினேன். கையைத் தூக்கி "போதும்" என்றேன், நின்றது. அன்றிலிருந்து நான் மணி என்ன என்று சொன்னால்கூட அக்கா இன்னொருவரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்வாள்.

நான் வரைபட அலுவலகத்தில் எழுத்தர். உடனே கோப்பும் நூலுமாக ஓர் ஆளை நினைத்துவிடாதீர்கள். நான் நிஜமாகவே எழுத்து எழுதியவன். மலைக்கு மலையின் முதுகிலும், ஆற்றுக்கு அதன் வளைவிலேயே வளைந்தும், ஊருக்கு அதன் காதோரத்திலும் பெயர் எழுதுவது என் வேலை. நான் எழுதாமல் இந்த நாட்டில் ஓர் ஆறும் ஓடியதில்லை என்று சொல்வேன். அதை மறுக்க வேண்டிய ஆறுகள் இன்றுவரை மறுக்கவில்லை.

எங்கள் கூடம் நீளமானது. வெயில் நேராக விழக்கூடாது என்று வடக்குப் பக்கம் மட்டும் சன்னல். கண்ணாடி மேசைகள், அடியில் விளக்கு. கோந்து வாசனையும் மை வாசனையும் கலந்து, வீட்டுக்குப் போய் முகம் கழுவினாலும் மூக்கிலேயே இருக்கும். அங்கே தும்மத் தடை. ஒரு தும்மல், ஒரு தீவு. எனக்கு முன்னால் வேலை பார்த்தவர் ஒருவர் சளிக்காலத்தில் நாட்டுக்கு ஒரு தீவுக்கூட்டத்தையே கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றார் என்று சொல்வார்கள். நான் நம்புகிறேன்.

வரைபடம் ஒரே அச்சில் வருவதில்லை. நிறத்துக்கு ஒரு தட்டு. ஆறுகளுக்கு நீலத் தட்டு, நம் நிலத்துக்கு ரோஜா நிறத் தட்டு, நாட்டின் பெயருக்கு வெளிர்பழுப்புத் தட்டு, ஊர்ப்புள்ளிகளுக்கும் ஊர்ப்பெயர்களுக்கும் கறுப்புத் தட்டு. ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அடித்தால் நாடு.

ஒருநாள் இயக்குநர் என் மேசைக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் எப்போதும் பூதக்கண்ணாடி. எதையும் அது வழியாகப் பார்த்துப் பார்த்து, அவருக்கு எல்லாமே சிறிதாக இருப்பதாக ஒரு கவலை.

"என்னய்யா இது, நம்ம நாட்டுப் பேரு திருமண வீட்டுல கூப்பிடாம வந்தவன் மாதிரி ஒரு ஓரமா நிக்குது?"

"நடுவுலதாங்கய்யா எழுதியிருக்கேன்."

"நடுவுல எழுதினா போதுமா? எல்லைக்கு எல்லை வரணும். பாக்கறவன் ஒரு முனையில படிக்க ஆரம்பிச்சா இன்னொரு முனையில மூச்சு வாங்கணும்."

அப்படியே எழுதினேன். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே இரண்டு மாவட்டங்கள் படுத்துப் புரளலாம். அவ்வளவு அகலம். நம் நாட்டின் பெயர் புள்ளி வைத்த எழுத்தில் முடிகிறது என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் கடைசி எழுத்து போய் நின்ற இடம் வடகிழக்கு மூலை. அங்கேதான் எல்லை ஆறு, சாப்பிட்டு எழுந்தவர்போல நம் பக்கமாக வயிற்றைத் தள்ளிக்கொண்டு வளைகிறது. அந்த வயிற்றுக்குள் இருப்பது பக்கத்து நாடு. எழுத்து ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒழுங்காக நின்றது. அதன் தலைமேல் வைக்க வேண்டிய புள்ளிக்கு மட்டும் நம் நாட்டில் இடமில்லை. ஆற்றைத் தாண்டி வைத்தேன். வேறு எங்கே வைப்பது, என் தலையிலா?

வெளிர்பழுப்பில் அடித்திருந்தால் அது யார் கண்ணிலும் பட்டிருக்காது. ஆனால் தட்டு பிரிக்கும் அறையில் இருந்தவர்களுக்கு ஒரு விதி: புள்ளி என்றால் ஊர், ஊர் என்றால் கறுப்பு. என் புள்ளியைப் பொறுக்கியெடுத்துக் கறுப்புத் தட்டில் சேர்த்துவிட்டார்கள். எழுத்து என்னுடையது, அதன் தலையெழுத்து அவர்களுடையது. அச்சாகி வந்து பார்த்தால், ஆற்றுக்கு அந்தப் பக்கம் கரிக்கட்டைபோல ஒரு நகரம். தலைநகருக்குப் போட்ட வட்டத்தைவிடப் பெரிது.

அந்தச் சுவர்ப்படத்தை வெளியிட அமைச்சர் வந்தார். பரந்த மனிதர். உடம்பைச் சொல்லவில்லை, பேச்சைச் சொல்கிறேன். அவருக்குப் பக்கத்தில் இயக்குநர். இயக்குநருக்குப் பக்கத்தில் அலுவலகத்தின் வரலாற்று ஆலோசகர். அவரை நாங்கள் ஆராய்ச்சி என்றே கூப்பிடுவோம். தெரியாது என்ற சொல்லை அவர் வாழ்நாளில் பயன்படுத்தியதில்லை. கழிவறை எங்கே என்று கேட்டால்கூட அதன் தோற்றமும் வளர்ச்சியும் என்று ஆரம்பிப்பார்.

அமைச்சரின் விரல் வரைபடத்தில் மேய்ந்துகொண்டே போய் அந்தப் புள்ளியில் நின்றது.

"இது எந்த ஊரு?"

நான் வாயைத் திறந்தேன். இயக்குநர் என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். மூடிக்கொண்டேன். ஆராய்ச்சி தொண்டையைக் கனைத்தார்.

"அது பழம்பெரும் பட்டணங்கய்யா. நம்ம ராஜாக்கள் காலத்துல ஓகோன்னு இருந்தது."

"நம்மளோடதா?"

"நம்மளோடதேதாங்கய்யா."

"அப்புறம் ஏன் ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கு?"

"அதாங்கய்யா வருத்தம்" என்றார் ஆராய்ச்சி.

அமைச்சரும் வருத்தப்பட்டார். அந்த இடத்திலேயே கண் கலங்கி, நம் முன்னோர் ஆண்ட நிலங்களையெல்லாம் காட்டும் வரலாற்று வரைபடத் தொகுதி ஒன்று பள்ளிக்கூடங்களுக்குப் போயாக வேண்டும் என்று ஆணையிட்டார். நகரத்தைப் பிடித்தது இப்படித்தான். நான் தேநீர்கூடக் குடித்து முடிக்கவில்லை.

மறுநாள் ஆராய்ச்சி என் மேசைக்கு வந்து குனிந்தார்.

"அந்த ஊருக்கு ஒரு பேரு எழுதணுமே. உன் காதுக்கு எது நல்லாப்படுது?"

எனக்கு நாக்கு அரித்தது. "புள்ளூர்னு வெச்சுக்கலாங்க" என்றேன்.

அவர் கண்ணை மூடினார். திறந்தபோது முகத்தில் வெளிச்சம். "புள்! பறவை! பறவைகள் வந்து தங்கின ஊரு! அடடா, இதுவரைக்கும் ஒருத்தனுக்கும் தோணலையே!"

அதற்குப் பிறகு நாங்கள் செய்த வேலை இருக்கிறதே, அதைப்போல ஆனந்தமான வேலையை நான் செய்ததில்லை. ஒரு ராஜாவுக்கு ஒரு பக்கம். ஒரு ராஜா காட்டுக்கு வேட்டைக்குப் போனார் என்று கல்வெட்டில் இருந்தால் காடு முழுவதும் ரோஜா நிறம். ஒரு ராஜா ஓர் ஊரில் பெண் பார்த்துவிட்டு வந்தால் ஊர் அவருடையது. பெண் பிடிக்கவில்லை என்றாலும்தான். ஒருவர் போரில் தோற்றுக் கைதியாகத் தூரதேசம் போயிருந்தார். அவரை என்ன செய்வது என்று கேட்டேன். "அங்க தங்கினாரா இல்லையா?" என்றார் ஆராய்ச்சி. தங்கினார். சிறையிலிருந்து கடல்வரைக்கும் ரோஜா நிறம் அடித்துக் கொடுத்தோம். பக்கத்து நாடுகளுக்கு எப்போதும் ஒரு சாம்பல் நிறம், மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தவன் முகம்போல. அந்தப் பக்கத்தில் ஊரும் கிடையாது, ஆறும் கிடையாது. பார்த்தால், யாராவது வந்து குடியிருங்களேன் என்று நிலமே கெஞ்சுவதுபோல இருக்கும்.

ஆனால் சூட்சுமம் நிறத்தில் இல்லை. பக்கங்களை அடுக்கியதில் இருந்தது. இயக்குநர் அடுக்கினார். புரட்டப் புரட்ட நாடு பூரித்துக்கொண்டே போகும். கடைசிப் பக்கம் வந்ததும் இன்றைய நாடு, திடீரென்று துவைத்த பருத்திச் சட்டைபோலச் சுருங்கி நிற்கும். புரட்டுகிற பிள்ளைக்குத் தன் தட்டிலிருந்து எவனோ பிடுங்கித் தின்றுவிட்ட மாதிரி இருக்கும். எல்லாப் பக்கத்திலும், எந்த ராஜாவாக இருந்தாலும், மூலையில் புள்ளூர் கறுப்பாக உட்கார்ந்திருந்தது.

புத்தகம் பள்ளிக்கூடங்களுக்குப் போனது. பிறகு நாட்காட்டியிலும் தபால்தலையிலும் அந்தப் படம் வந்தது. பேருந்து நிலையத்துச் சுவரில் ஆள் உயர எழுத்தில் "புள்ளூரை மீட்போம்" என்று எழுதியிருந்தார்கள். எழுத்து இடைவெளி மோசம். நான் என்றால் இன்னும் தாராளமாக விட்டிருப்பேன். என்னைக் கேட்டால் எனக்கு ஒரே பூரிப்பு. எந்த எழுத்துக்காரனுக்குக் கிடைக்கும், ஒரு மெய்யெழுத்தின் புள்ளிக்கு ஊர்வலம்?

பூரிப்பில் முதல் ஓட்டை போட்டவள் என் மகள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, தரையில் படுத்தபடி வரைபடம் வரைந்துகொண்டிருந்தாள்.

"அப்பா, அத்தை வீடு முன்னாடி நம்ம நாட்டுலதான் இருந்துச்சாம். திருடிட்டாங்களாம்."

"யாரு, அத்தையா?"

"இல்லப்பா. அவங்க."

"அவங்கன்னா?"

அவள் பென்சிலைக் கடித்து யோசித்தாள். "அத்தை வீட்டுக்குப் பக்கத்துல இருக்கறவங்க."

அக்காவைக் கட்டிக் கொடுத்தது ஆற்றுக்கு அந்தப் பக்கம். நான் சொன்ன வயிற்றுக்குள்தான், கரையை ஒட்டி, அக்காவும் அத்தானும் ரொட்டிக்கடை வைத்திருந்தார்கள். அந்த நாளில் படகில் ஏறினால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அக்கா வாரத்துக்கு ஒருமுறை கூடையில் ரொட்டியோடு வந்து இறங்கி, என் மனைவியிடம் என்னைப் பற்றிக் குறை சொல்லிவிட்டு, மாலைப் படகில் திரும்புவாள். கடையின் அடுப்பு அத்தான் தன் கையால் கட்டியது. செங்கல்லால் ஒரு குகைபோல இருக்கும். கட்டிய நாளிலிருந்து அது முழுதாக ஆறினதே இல்லை என்பது அத்தானுக்கு ஒரே பெருமை. அத்தான் அதிகம் பேச மாட்டார். அடுப்பு பேசும் என்பதுபோல நிற்பார்.

அந்த வாரம் அக்கா வந்தாள். கூடை காலி.

"என்னக்கா, ரொட்டி எங்க?"

"அடுப்பை அணைச்சாச்சு" என்றாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். "உங்க ஆளுங்க எங்க ஊரைப் பிடிக்க வரப்போறாங்கன்னு எங்க ஆளுங்களுக்கு பயம். கரையோரம் வேலி போடறாங்களாம். அளக்க வந்தவன் கயித்தைப் பிடிச்சுக்கிட்டே வந்தான்டா, சந்துல வந்தான், கடைக்குள்ள வந்தான், நேரா அடுப்புக்குள்ள போயிட்டான். கோடு அங்கதான் விழுதாம். அடுப்பு ஆறறவரைக்கும் வாசல்ல காத்திருந்து, உள்ள தரையைக் கொத்திக் கல்லு நட்டுட்டுப் போயிருக்கான்."

"அத்தான் என்ன சொன்னாரு?"

"என்ன சொல்வாரு? 'இந்தக் கல்லு எத்தனை நேரம் வேகணும்'னு கேட்டாரு. அவன் முறைச்சான். அப்போலேர்ந்து ஆறிப்போன அடுப்பு முன்னால உட்காந்து அதையே பாத்துக்கிட்டிருக்காரு. உங்க புத்தகம் அடுத்த பதிப்பும் அந்த ஊரோட வந்துச்சுன்னா மழைக்கு முன்னாடி கரையில இருக்கற எல்லாரும் காலி பண்ணணுமாம்."

"அக்கா" என்றேன், "அங்க ஊரே இல்ல. அது நான் வெச்ச புள்ளி."

அக்கா என்னைப் பார்த்தாள்.

"நம்ம நாட்டுப் பேரோட கடைசி எழுத்து இருக்குல்ல, அதோட புள்ளி. இடம் பத்தாம ஆத்தைத் தாண்டி வெச்சேன். தட்டு பிரிக்கறவங்க ஊருன்னு நெனச்சுட்டாங்க."

"ஆமாமா. மழையை நிறுத்தினவன்ல நீ."

"சத்தியமாக்கா! பிடிச்சவனே நான்தான். நானே திருப்பிக் கொடுத்துடறேன், நீ கவலைப்படாதே."

"கிழிச்ச" என்றாள் அக்கா. எப்போதும் சொல்கிற சொல்தான். ஆனால் அன்றைக்கு அதில் உப்பும் இல்லை, காரமும் இல்லை. எழுந்து கூடையை எடுத்துக்கொண்டாள். காலிக் கூடையை அவள் இடுப்பில் வைத்து நடந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எப்போதும் கையில் ஆட்டிக்கொண்டுதான் போவாள்.

மறுநாள் காலை இயக்குநர் அறைக்குப் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் பூதக்கண்ணாடியை எடுத்துப் புள்ளியைப் பார்த்தார். அப்புறம் அதற்குக் கீழே நிற்கும் எழுத்தைப் பார்த்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"வேற யாருகிட்டயாவது சொன்னியா?"

"எங்க அக்காகிட்ட."

"நம்பினாங்களா?"

"இல்லைங்கய்யா."

"நல்ல குடும்பம்" என்றார் அவர்.

"எடுத்துடலாங்களா ஐயா?"

"எடுத்துட்டுப் படிச்சுப் பாரு."

புள்ளியை விரலால் மறைத்துக்கொண்டு இருவரும் நாட்டின் பெயரை மெல்லப் படித்தோம். பெயர் முடியவே இல்லை. வாயைத் திறந்தபடி நின்றது, கொட்டாவி விட்டவன் மறந்துபோய் அப்படியே விட்டதுபோல.

"அப்ப பழுப்புத் தட்டுல போட்டுடலாங்களா? எழுத்தோட எழுத்தா மங்கிடும்."

"புள்ளூர் எங்கேன்னு அமைச்சர் கேப்பாரு. மேடைக்கு மேடை மீட்கிறேன்னு பேசிட்டு வர்றாரு. எடுத்தா நாட்டுப் பேரு போச்சு. பழுப்புல போட்டா ஊரு போச்சு. ரெண்டுல எது போனாலும் என் வேலை போச்சு."

அவர் நாற்காலியில் சரிந்தார். நான் சுவர்ப்படத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். எல்லைக்கு எல்லை, அணிவகுப்பில் நிற்கிற காவலர்போல என் எழுத்துகள் விறைப்பாக நின்றன. ஆற்றுக்கு எழுதும்போது வளைகிற கை, நாட்டுக்கு எழுதும்போது மட்டும் ஏன் இப்படி விறைத்துக்கொண்டது? அத்தான் ஞாபகம் வந்தது. ஆறின அடுப்பு முன்னால் எப்படி உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தேன். அந்த நிமிடம் எனக்கு வந்த யோசனை உலகத்தில் இதுவரை யாருக்கும் வந்ததில்லை. இனி வரப்போவதும் இல்லை.

"ஐயா, எடுக்க வேண்டாம். நகத்திடலாம்."

"நகத்தறதா?"

"பேரை வில்லாட்டம் வளைச்சு எழுதறேன். நடு எழுத்து மேல ஏறும், கடைசி எழுத்து கீழ இறங்கும். புள்ளியும் கூடவே இறங்கி நம்ம பக்கம் வந்துடும்."

"வளையறதா? நாட்டுப் பேரு வளையலாமாய்யா?"

"வளையறது இல்லைங்கய்யா. வானவில்."

இயக்குநர் அந்தச் சொல்லை வாயில் போட்டுச் சுவைத்துப் பார்த்தார். ருசித்தது. "சரி, ஊரு இடம் மாறிடுச்சேன்னு அமைச்சர் கேட்டா?"

"எங்க போய் விழுதுங்கறதைப் பொறுத்து இருக்குங்கய்யா" என்றேன்.

வில்லை எத்தனை வளைப்பது, சாய்ந்த எழுத்தின் தலை எங்கே போய் விழும் என்று தாளுக்குமேல் தாள் வைத்துப் பார்த்தேன். ஒரு வளைவில் புள்ளி ஏரிக்குள் விழுந்தது. ஒன்றில் சிறைச்சாலைமேல் விழுந்தது. இன்னும் கொஞ்சம் தளர்த்தினேன். கிழக்குச் சமவெளியில் ஒரு பேருந்து நிறுத்தமும் நிறைய ஆடுகளும் மட்டும் இருக்கிற ஒரு சிற்றூரின் தலையில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. அமைச்சர் பிறந்த ஊர்.

புதிய படத்தைப் பார்க்க அமைச்சர் வந்த அன்று, நான் முக்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். நாடகம் பார்க்க நல்ல இடம். வானவில்லைப் பார்த்து அமைச்சர் "ஆகா" என்றார். விரல் மேய்ந்துகொண்டே வடகிழக்கு மூலைக்குப் போனது. அங்கே ஆறு இருந்தது, அதற்கு அப்பால் வெறும் சாம்பல் நிறம். விரல் தடுமாறியது. இயக்குநரின் நெற்றியில் வேர்வை பூத்தது. விரல் கரையோரமாக இறங்கி, சமவெளிக்கு வந்து, புள்ளியைக் கண்டு நின்றது. அமைச்சர் குனிந்தார்.

"இது எங்க ஊரு ஆச்சே!"

ஆராய்ச்சிக்கு நாங்கள் எதையும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருந்தால் தயார் செய்து கெடுத்திருப்பார். அவர் ஒருமுறை எச்சில் விழுங்கினார். அவ்வளவுதான்.

"ஆமாங்கய்யா. இப்பதான் உறுதியாச்சு. உண்மையான புள்ளூர் உங்க ஊருதான்."

"அப்ப ஆத்துக்கு அந்தப் பக்கம்னு சொன்னீங்க?"

"ஆறு இடம் மாறிடுச்சுங்கய்யா."

ஓர் ஆற்றையே தூக்கி ஓரமாக வைத்தாரே, அந்த மனிதரை அந்த நிமிடம் எனக்குப் பிடித்துப்போய்விட்டது. அமைச்சர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

"சின்ன வயசுலயே சொல்லுவேன்யா. எங்க ஊர்ல என்னமோ இருக்குன்னு. ஒருத்தன் கேக்கலை."

அதோடு முடிந்தது. சொந்த ஊரை யாரிடமிருந்து மீட்பது? பேருந்து நிலையத்துச் சுவரில் "மீட்போம்" என்பதை அழித்து "போற்றுவோம்" என்று எழுதினார்கள். எழுத்து இன்னும் மோசம். அந்தச் சிற்றூருக்கு ஓர் அலங்கார வளைவும் தார்ச்சாலையும் வந்தன. ஆடுகள் சாலையில் படுத்துக்கொண்டன. வரலாற்றுத் தொகுதியின் அடுத்த பதிப்பில் எல்லா ராஜாக்களும் ஆற்றுக்கு இந்தப் பக்கமே இருந்து, ஒருவர் பாக்கியில்லாமல் அமைச்சரின் ஊரில் பிறந்து வளர்ந்து கல்யாணம் செய்துகொண்டார்கள். புத்தகம் ஆற்றைத் தாண்டிப் போய்ச் சேர்ந்ததும் அந்தப் பக்கத்தார் வேலியைச் சுருட்டி வைத்தார்கள். கல்லைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். அத்தான் அன்றே அடுப்பை மூட்டினார். நான் திருப்பிக் கொடுத்த நகரத்துக்கு ஒரு ரசீதுகூடக் கேட்கவில்லை.

அக்கா வழக்கம்போலக் கூடையோடு வந்தாள். "பாத்தியா, நான் சொன்னபடி செஞ்சேன்ல?" என்றேன். "நீ செஞ்ச! அவனுங்களுக்கே புத்தி வந்துச்சு, போட்டுட்டுப் போனானுங்க" என்றாள். அதன் பிறகு இந்தக் கதையை நான் எத்தனை விசேஷத்தில் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. சொல்லச் சொல்ல நகரம் பெரிதாகிக்கொண்டே வந்தது. ஒரு தடவை அதற்குத் துறைமுகம்கூடக் கட்டினேன். ஒவ்வொரு தடவையும் எல்லோரும் சிரித்து முடித்ததும் அக்கா சொல்வாள்: "அண்டப்புளுகன்." அத்தான் மட்டும் ஒன்றும் சொல்லாமல் என் தட்டில் இன்னொரு ரொட்டி வைப்பார்.

அத்தான் இப்போது இல்லை. கடையை அக்கா மகன் பார்த்துக்கொள்கிறான். போன வாரம் ஆற்றைத் தாண்டிப் போயிருந்தேன். வாசலில் ஒரு பெரிய பெட்டி நின்றது. புது மின் அடுப்பு. உள்ளே கொத்தனார், கையில் கடப்பாரை. பழைய அடுப்பை இடித்தால்தான் புதியதை உள்ளே வைக்க இடம் வரும். அக்கா கல்லாவுக்குப் பக்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மகன் அடுப்புக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தான். "நானும் எத்தனையோ நாளா கேக்கணும்னு நெனக்கறேன். தரையில நடுவுல ஒரு குழி இருக்கே, என்னம்மா அது? அந்த இடத்துல வெக்கற ரொட்டி எல்லாம் அடியில புடைச்சுக்கிட்டு வருது. பழைய அடுப்புன்னா இப்படித்தான்."

"அதா?" என்றேன் நான், முழங்காலைத் தட்டிக்கொண்டு. "அது நான் பிடிச்ச நகரத்தோட எல்லைக் கல்லு நட்ட இடம்டா மாப்ளே."

"மாமா ஆரம்பிச்சுட்டாரு!" கொத்தனாரும் சேர்ந்து சிரித்தார். மகன் அம்மா பக்கம் திரும்பினான், அவள் வழக்கமாகச் சொல்வதைச் சொல்லி முடித்து வைப்பாள் என்று. நானும்தான் திரும்பினேன்.

அக்கா கடப்பாரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதைக் கீழ வைக்கச் சொல்லு" என்றாள்.

"என்னம்மா?"

"கல்லைப் பிடுங்க வந்தவன் கையில உங்க மாமா ஆபீஸ் படம் இருந்துச்சு. தரையில விரிச்சு, அந்தப் புள்ளூரு அங்க போயிடுச்சும்மான்னு காட்டினான். எனக்கு ஊரு தெரியலை. எழுத்துதான் தெரிஞ்சுது. இவன் கைன்னு பாத்த உடனே தெரியும். ஒண்ணொண்ணா கூட்டிப் படிச்சுக்கிட்டே போனேன். கடைசி எழுத்துக்கு வந்தேன். அது தலையில அந்தப் புள்ளி." கொஞ்சம் நிறுத்தினாள். "உங்கப்பா குழியை மண்ணு வெச்சு அடைச்சாரு. முழுசா அடைக்க மாட்டேன்னுட்டாரு. மச்சான் ஞாபகமா இருக்கட்டும்னாரு."

எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அப்பவே தெரியுமாக்கா? அப்புறம் ஏன் இத்தனை வருஷமா ஊரெல்லாம் என்னைப் புளுகன்னு சொன்னே?"

"இதை ஒத்துக்கிட்டா அந்த மழையையும் ஒத்துக்கச் சொல்வியேடா."

மகன் கடப்பாரையை வாங்கிச் சுவரில் சாய்த்து வைத்தான். வாசலில் நின்ற பெட்டியை ஒருமுறை பார்த்தான், அடுப்பை ஒருமுறை பார்த்தான்.

"அப்போ மாமா சொல்றதெல்லாம் நெஜமாவே நடந்துச்சாம்மா?"

அக்கா தட்டிலிருந்து காலை ரொட்டி ஒன்றை எடுத்துக் கவிழ்த்தாள். அடியில், நடுவில், உருண்டையாக ஒரு புடைப்பு. அதைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினாள்.

"இது நடந்துச்சு" என்றாள். "மழை மட்டும் பொய்."